எட்டு மணி ஊளையும் விளக்கு வைக்கிற நேரமும்

மார்ச் 30, 2020, திங்கள்

பயணக் கட்டுரை எழுதப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் அமெரிக்காவிலுள்ள டென்வருக்கு விமானம் ஏறினேன். பிப்ரவரி நடுவில் வந்து இறங்கியபோது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் சட்டைப் பையிலேயே இருந்தது. முதலில் ராக்கி மலைத் தேசியப் பூங்கா. பனி கொஞ்சம் குறையட்டும் என்றார் மருமகன். பனி குறைவதற்குள் கொரோனா வந்து, மார்ச் 20 அன்று பூங்காவையே மூடிவிட்டார்கள். 24 முதல் டென்வரில், 26 முதல் கொலராடோ மாநிலம் முழுவதும், அவசியம் இல்லாமல் யாரும் வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்திவிட்டது. ஏப்ரல் 9-க்கு எடுத்த திரும்பும் டிக்கெட் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, பஞ்சாங்கம் மாதிரி.

ஆக, இது இனிமேல் மகள் வீட்டுத் திண்ணையிலிருந்து எழுதும் பயணக் கட்டுரை. திண்ணை என்று நான்தான் சொல்கிறேன். மரப்பலகை போட்ட முன்கட்டு, இரண்டு நாற்காலி, நான்கு படி. வீடு வடக்குப் பார்த்தது. தெரு கிழக்கு மேற்காக நேராக ஓடுகிறது. மேற்குக் கோடியில், மரங்களுக்கு நடுவே, ஒரு சாண் அகலத்துக்கு மலை தெரியும். என் ராக்கி மலை அவ்வளவுதான்.

இன்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சரியாக எட்டு மணி. தெருவில் ஒரு நாய் ஊளையிட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் தெரு முழுக்க. ஆறு வயதுப் பேரன் ஜன்னலுக்கு ஓடினான். “தாத்தா, நாய் இல்ல, மனுஷங்க!”

கதவைத் திறந்து பார்த்தால் உண்மைதான். இருட்டில் ஒவ்வொரு வாசலிலும் ஓர் உருவம், கழுத்தை அண்ணாந்துகொண்டு, “ஊ...” என்று. பக்கத்துத் தெருவிலிருந்து பதில் வருகிறது. அதற்கும் அப்பாலிருந்து அதற்குப் பதில். ஐந்து நிமிடம்கூட இருக்காது, அடங்கிவிட்டது. கதவுகள் சாத்தப்பட்டன. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மகள் விசாரித்துச் சொன்னாள். இதே டென்வரில் இரண்டு பேர் முகநூலில் ஆரம்பித்தது, போன வெள்ளிக்கிழமை, 27-ஆம் தேதி. தினமும் இரவு எட்டுக்கு வெளியே வந்து ஊளையிட வேண்டியது. மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு நன்றி என்று சிலர் சொல்கிறார்கள், வீட்டில் அடைபட்ட ஆத்திரம் என்று சிலர், துக்கம் என்று சிலர். காரணம் அவரவர் இஷ்டம், நேரம் மட்டும் பொது.

என் மனைவிக்கு இது எதுவும் ஏறவில்லை. கையில் சோற்றோடு நின்றுகொண்டு கேட்டாள். “விளக்கு வைக்கிற நேரத்துல ஊளையா? விளங்குமா வீடு?”

ஏப்ரல் 2, வியாழன்

இதற்குள் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நகராட்சியில் தெருவிளக்குப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். தானாக எரியும் கருவிகள் வருவதற்கு முன்னால், சாயங்காலம் ஆள் சைக்கிளில் போய் ஒவ்வொரு பெட்டியிலும் சுவிட்ச் போட்டுவிட்டு வர வேண்டும். சீக்கிரம் போட்டால் தணிக்கையில் கேள்வி, பிந்திப் போட்டால் கவுன்சிலர் போன். அதனால் சூரியன் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பது எனக்குச் சோற்றுக் கணக்கு. தெற்கே எங்கள் பக்கம் வருஷம் முழுக்கப் பார்த்தாலும் முக்கால் மணி நேரத்துக்குமேல் முன்பின் போகாது. இங்கே, நாற்பதாவது அட்சரேகைக்குப் பக்கத்தில், டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடுமாம், ஜூனில் எட்டரை வரை வெயிலாம். கோடைக்காக மார்ச்சில் ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதைக் கழித்தாலும் மூன்று மணி நேர வித்தியாசம். இந்த ஊரில் சுவிட்ச் போடுகிற வேலை பார்த்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

இப்போது ஏழு இருபதுக்குமேல் மறைகிறது. கிட்டத்தட்டத் தெருக்கோடியிலேயே, அந்த ஒரு சாண் மலைக்குள் இறங்குகிறது. ஊளை வருவதற்குள் நன்றாக இருட்டிவிடும்.

இன்று நானும் ஊளையிட்டுப் பார்த்தேன். பேரன்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் உயரத்தில் இருக்கிற நகரம் இது. காற்றில் ஈரமே கிடையாது, வந்த நாளிலிருந்து தொண்டை காய்ந்துதான் கிடக்கிறது. வாயைத் திறந்தேன். “ஊ” பாதியில் நின்று இருமல் கிளம்பிவிட்டது. ஒரு இருமல் இல்லை, தொடர்ந்து ஏழெட்டு.

தெரு முழுவதும் ஊளை நின்றுபோனது. இந்த மாதத்தில் யாரும் யாருடைய இருமலையும் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி, எண்பது வயதாவது இருக்கும், தன் படிக்கட்டிலிருந்தே ஏதோ கேட்டார். “ஒண்ணும் இல்லையாம்னு சொல்லும்மா” என்று மகளிடம் சைகை காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்துவிட்டு மனைவி சொன்னாள், “வேணும்.”

இனி நான் ஊளையிடுவதாக இல்லை. நேரம் மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இந்தியாவில் இன்று இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் மின்விளக்கை அணைத்துவிட்டு அகல் ஏற்றச் சொல்லியிருந்தார் பிரதமர். இங்கே அப்போது காலை ஒன்பதரை. என் தங்கை வாசலில் வரிசையாக அகல் வைத்து வீடியோ அனுப்பியிருந்தாள். மனைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மகள் வீட்டுச் சமையலறை அலமாரியில் இருக்கும் காமாட்சி விளக்கை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

வந்ததிலிருந்து அவள் கடிகாரத்தைப் பார்த்து ஆறு மணிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் பளீரென்று அடிக்கும், உள்ளே திரி எரியும். இன்று மாற்றிவிட்டாள். “பொழுது அடையறப்போதான் விளக்கு. இங்க எப்ப அடையுதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

ஓய்வுபெற்று ஒன்பது வருஷம் கழித்து மறுபடி அதே வேலை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காலண்டரில் தினமும் குறித்து வைக்கிறேன். இந்தப் பருவத்தில் நாளுக்கு ஒரு நிமிடம் தள்ளிப்போகிறது. எட்டு மணி ஊளை மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. சூரியன் ஒரு மாதத்தில் ஊளையைப் பிடித்துவிடும்.

ஏப்ரல் 16, வியாழன்

சித்திரை பிறந்து மூன்றாம் நாள், பனி கொட்டுகிறது. இதை எங்கே போய்ச் சொல்வது.

எட்டு மணிக்குக் கதவைத் திறந்தேன். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன், வந்திருந்தார்கள். ஆனால் சத்தம் வேறு மாதிரி இருந்தது. எதிர்வீட்டுக்காரர் வாயைத் திறப்பது தெரிகிறது, ஊளை பஞ்சுமூட்டைக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. புதுப்பனி சத்தத்தை உறிஞ்சிவிடுமாம், பனித் துணுக்குகளுக்கு நடுவே அத்தனை காற்றறை. பக்கத்துத் தெரு கேட்கவே இல்லை. நம் தெரு மட்டும் உலகத்தில் மிச்சம் இருப்பதுபோல் ஒரு நிமிடம் தோன்றி, உடனே கதவைச் சாத்திவிட்டேன். குளிர்தான் காரணம் என்று சொன்னேன்.

ஏப்ரல் 20, திங்கள்

எதிர்வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை வேலை. ஏழே முக்காலுக்குக் கார் வரும். செருப்பைக் கார் கொட்டகையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, வாசல் வழியாக வராமல் பின்னால் சுற்றி உள்ளே போவாள். எட்டு மணிக்கு ஈரத் தலையோடு வெளியே வந்து நிற்பாள். யாருக்கு நன்றி சொல்ல ஊளையிடுகிறார்களோ, அவள்தான் தெருவிலேயே பலமாக ஊளையிடுகிறவள். இழுத்து, மூச்சு முடிகிறவரை.

நேற்று நகரத்தில் ஊரடங்கை எடுக்கச் சொல்லி ஊர்வலம் நடந்தது. கார்களில் வந்தவர்களை மருத்துவ உடையிலிருந்த சிலர் சாலைக் குறுக்கே நின்று மறித்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள், அவ்வளவுதான். அந்தப் படம் எல்லா இடத்திலும் வந்துவிட்டது. நேற்று இரவு நர்ஸ் வெளியே வந்தாள், நின்றாள், ஊளையிடவில்லை. இன்றும் இல்லை.

பேரனுக்கு வேறு கவலை. “தாத்தா, நிஜ ஓநாய் பதில் சொல்லுமா?” மருமகன் தேடிப் படித்துக் காட்டினார். கொலராடோவில் ஓநாய்களை 1940-களுக்குள் மொத்தமாகக் கொன்று தீர்த்துவிட்டார்களாம். இந்த ஜனவரியில் வடமேற்கு மூலையில் ஆறு ஓநாய்கள் கொண்ட ஒரு கூட்டம் தென்பட்டிருக்கிறது, வயோமிங் எல்லைப் பக்கம். ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விடலாமா என்று நவம்பரில் மக்களிடம் வாக்கெடுப்புகூட உண்டாம். கொன்றதும் இவர்கள்தான், இப்போது வாசலில் நின்று அதன் குரலில் கூப்பிடுவதும் இவர்கள்தான். ஆறு ஓநாய் அவ்வளவு தூரத்திலிருந்து கேட்காது என்றேன். பேரன் நம்பவில்லை. தினமும் ஊளைக்குப் பிறகு ஒரு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான்.

மே 6, புதன்

இன்றுதான் அந்த நாள்.

காலண்டரில் ஒரு வாரமாகவே வட்டம் போட்டு வைத்திருந்தேன். சூரியன் மறைகிற நேரமும் எட்டு மணியும் ஒன்றாக வருகிற நாள். காலையிலேயே மனைவிக்குச் சொன்னேன், இன்றைக்கு விளக்கும் ஊளையும் ஒரே நேரம். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவங்களை அஞ்சு நிமிஷம் கழிச்சு ஊளையிடச் சொல்ல முடியாதா?” என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

நாய் ஊளையிட்டால் எமன் தெருவுக்குள் வந்துவிட்டான் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். அவள் அப்பா போன அன்று ராத்திரி தெருநாய் ஊளையிட்டதை இன்றைக்கும் சொல்வாள். இத்தனை ஆயிரம் பேர் சாகிற காலத்தில், மனுஷனே வாசலில் நின்று அதைக் கூப்பிடுவதா என்பது அவள் கட்சி. எனக்குப் பதில் தெரியவில்லை. நம்பிக்கை இல்லாதவன் நான், ஆனாலும் அவள் சொல்கிற மாதிரி சொன்னால் முதுகில் லேசாகச் சில்லிடத்தான் செய்கிறது.

இன்றிலிருந்து டென்வரில் கடைக்குள் போவதற்கு முகக்கவசம் கட்டாயம். காலையில் மகள் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து ஆளுக்கு இரண்டு தைத்தாள். அம்மாவின் புடவை, மாம்பழக் கலர். தெருவில் வேறு யாருக்கும் அப்படி ஒரு கவசம் இல்லை.

ஏழே முக்காலுக்கே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். மார்ச்சில் தெருக்கோடியில் இறங்கிய சூரியன் இப்போது நன்றாக வடக்கே நகர்ந்துவிட்டது. எதிர்வரிசை வீடுகளின் கூரைக்குப் பின்னால்தான் போகிறது. கணக்குப்படி எட்டு, ஆனால் மலை இருப்பதால் சில நிமிடம் முன்பே ஒளி சட்டென்று விழுந்துவிடும். அதையும் கழித்துக்கொண்டு மனைவிக்குக் குரல் கொடுத்தேன். அவள் உள்ளே ஏற்றவில்லை. விளக்கை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டாள். காற்று படாமல் முந்தானையால் மறைத்துப் படியில் வைத்தாள். “அது வந்தா வரட்டும். விளக்கு வாசல்ல இருக்கட்டும்.”

ஊளை ஆரம்பித்தது. முதல் முறையாக எல்லாருடைய முகமும் தெரிந்தது. ஐந்து வாரமாக இருட்டில் குரலாக மட்டும் இருந்தவர்கள். பலமான கட்டைக்குரல் ஓர் ஒல்லிப்பிச்சான் பையனுடையது. நாய்க்குட்டி மாதிரி கத்துவது தாடிவைத்த ஒரு பெரியவர். பக்கத்து வீட்டுப் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு, பாடுகிறவர் மாதிரி ஊளையிட்டார். முடித்துக் கண்ணைத் திறந்தவர் எங்கள் படியிலிருந்த விளக்கைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

இந்தியாவில் அப்போது மறுநாள் காலை ஏழரை, சித்திரா பௌர்ணமி விடிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்கட்டுக்குப் போனோம். கார் கொட்டகைக் கூரைக்கு மேலே நிலா வந்திருந்தது. மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மே 19, செவ்வாய்

மே 9 முதல் டென்வரில் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. மே 7 முதல் இந்தியா மீட்பு விமானம் விட ஆரம்பித்திருக்கிறது. மகள் எங்கள் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறாள். வரிசையில் எங்கே நிற்கிறோமோ.

ஊளை தேய்கிறது. எட்டு மணிக்கு வெயில் இருக்கிறது, அதுதான் காரணம் என்பேன். இருட்டில் கழுத்தை அண்ணாந்து கத்த யாருக்கும் வெட்கம் இல்லை. பக்கத்துவீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கத்துவது வேறு. இப்போதெல்லாம் ஒன்றிரண்டு ஊளை, உடனே சிரிப்பு, அப்புறம் கையசைப்பு, அப்புறம் வேலிக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் நின்று அரட்டை. போன மாதம் குரல் மட்டும் தெரிந்தவர்களுக்கு இப்போது எங்கள் குடும்பக் கதை முழுக்கத் தெரியும். மாம்பழக் கலர் கவசம் இரண்டு வீட்டுக்குப் போய்விட்டது.

மருமகன் இன்னொரு காரணம் சொல்கிறார், அதுவும் சரியாகத்தான் படுகிறது. பொழுது சாய்ந்தபின் தரை சீக்கிரம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். மேலே சூடு, கீழே குளிர். அப்போது சத்தம் மேலே போகாமல் வளைந்து தரைக்கே திரும்பும், தூரத்துக்குக் கேட்கும். வெயிலில் நேர்மாறு, சத்தம் மேலே வளைந்து போய்விடும். அதனால் அடுத்த தெருவில் ஊளை நின்றுவிட்டதா, அல்லது நமக்குக் கேட்கவில்லையா என்று சொல்ல முடியாது. பேரன் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் ஓநாய்கள் இத்தனை நாளும் பதில் சொல்லியிருக்கலாம், நமக்குத்தான் கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டான்.

மே 30, சனி

மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றதற்கு இங்கேயும் வியாழக்கிழமையிலிருந்து போராட்டம். கண்ணீர்ப்புகை, உடைந்த கண்ணாடி. இன்று இரவு எட்டு மணி முதல் காலை ஐந்து வரை நகரில் ஊரடங்கு என்று மேயர் அறிவித்துவிட்டார்.

எட்டு மணி. நம்முடைய எட்டு மணி.

வாசலில் நிற்கலாமா கூடாதா என்று மகளுக்கும் மருமகனுக்கும் வாக்குவாதம். பொது இடத்துக்குத்தான் தடை, சொந்த வாசலில் நிற்கலாம் என்று கடைசியில் முடிவாகி நின்றோம். எல்லா வீட்டிலும் நின்றார்கள். மேற்கே ஹெலிகாப்டர் சத்தம். சூரியன் இன்னும் மறையவில்லை, இருபது நிமிடம் பாக்கி. யாரும் ஊளையிடவில்லை. கையசைக்கவும் இல்லை.

நாய்களுக்கு யார் சொல்வது? இரண்டு மாதமாகப் பழகிவிட்டவை. எட்டானதும் மூலைவீட்டு நாய் ஆரம்பித்தது. அப்புறம் நர்ஸ் வீட்டு நாய். அப்புறம் எல்லா நாய்களும். மனுஷக் குரல் ஒன்றுகூட இல்லாமல், நிஜ ஊளை, நல்ல வெளிச்சத்தில்.

நான் மனைவியைத்தான் பார்த்தேன். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். படியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து உள்ளே போய், இருபது நிமிடம் முன்கூட்டியே, என்னைக் கேட்காமலே விளக்கை ஏற்றினாள்.

ஜூன் 20, சனி

வருஷத்தின் நீண்ட பகல். எட்டு முப்பத்தொன்றுக்கு அஸ்தமனம். இனி ஒரு வாரத்துக்கு நேரம் கிட்டத்தட்ட அசையாது, அப்புறம் திரும்பி நடக்க ஆரம்பிக்கும். என் காலண்டர் வேலையும் இதோடு சரி, விமானத்தில் இடம் கிடைத்துவிட்டது. பட்டியலில் இருந்த ராக்கி மலைப் பூங்கா மே 27 அன்று திறந்துவிட்டது. ஆனால் போகவில்லை. முன்பதிவு, நேரம், கூட்டம் என்று ஆயிரம் கேள்வி. அந்த ஒரு சாண் மலை போதும் என்றாகிவிட்டது.

எட்டு மணி ஊளை நின்று பத்து நாளாகிறது. இன்று எட்டுக்கு எங்கள் திண்ணையில் வெயில் நேராக முகத்தில் அடித்தது. வடக்குப் பார்த்த வாசலில் சாயங்கால வெயில், இதுவும் இந்தப் பருவத்தின் கூத்து. நர்ஸ் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள், எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் நாற்காலியில் காத்திருந்தார். எட்டு மணிக்கு இல்லை. கொஞ்ச நாளாகக் கவனிக்கிறேன், அவர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் படியைப் பார்க்கிறார். எட்டரைக்கு மனைவி விளக்கைக் கொண்டுவந்து வைத்ததும், கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு ஊளை. மெதுவாக, இழுத்து. பேரன் பதில் கொடுத்தான். அப்புறம் வழக்கம்போல் வாயைப் பொத்திக்கொண்டு மலைப்பக்கம் காது கொடுத்தான்.

“விளக்கு வச்ச உடனே” என்றேன் மனைவியிடம், லேசாகச் சீண்டிப் பார்க்கலாம் என்று.

திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே சொன்னாள். “தனியா இருக்கற மனுஷி. விடுங்க. நாம போனப்புறம் யார் விளக்கு வைப்பான்னு அவங்ககிட்ட சொல்லியாச்சா?”